கபிலர் தொகுத்த மலர்களும் தில்லிக் குன்றின் மரங்களும்

தமிழ் கற்க விழைந்த வடபுலத்து வேந்தன் ஒருவனுக்கு ஆசிரியராக அமைந்தவர் கபிலர். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்பொருட்டுக் குறிஞ்சிப்பாட்டு பாடப்பெற்றது என்று அப்பாட்டின் இறுதியில் உள்ள பழங்குறிப்புக் கூறுகிறது. 261 அடிகளால் ஆகிய அப்பாட்டில், தினைப்புனம் காக்கச் சென்ற தலைவியும் தோழியும் அருவியில் ஆடுகின்றனர். மலைச்சாரலில் திரிந்து பூக்களைப் பறித்து வந்து, மழை கழுவிய பாறையின்மேல் குவிக்கின்றனர். அவ்விடத்தில் கபிலர் 99 மலர்களின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்துச் செல்கிறார்.

பாட்டின் களம் மலை. ஆயினும் அத்தொடுப்பில் கடற்கரை மணலில் படரும் அடும்பு உண்டு. கழியில் பூக்கும் நெய்தல் உண்டு. பொய்கையில் மலரும் தாமரையும் ஆம்பலும் உண்டு. குறிஞ்சி நிலத்து மகளிர் இவற்றையெல்லாம் ஒரே நாளில் எங்ஙனம் பறித்தனர் என்று வினவுவோர்க்கு, இஃது ஓர் ஆசிரியர் தம் மாணவனுக்குக் கூறிய பாடம் என்பதே தக்க விடையாகும். ஒரு மொழியை அறிவிக்க முனைந்த புலவர், அம்மொழி வழங்கும் நிலத்தில் நடப்பவர் கண்ணிற்படும் பூக்களையும் அறிவிக்க வேண்டும் என்று கருதினார் போலும்.

அன்று வடபுலத்தான் ஒருவன் தென்னாட்டுப் பூக்களின் பெயரைக் கற்றான். இன்று தென்னாட்டார் பல்லாயிரவர் தலைமுறை தலைமுறையாகத் தில்லியில் வாழ்கின்றனர். நம் பிள்ளைகள் திருக்குறள் ஒப்புவிக்கின்றனர், ஆத்திசூடி பாடுகின்றனர். ஆனால் பள்ளிக்குச் செல்லும் வழியில் நிழல் தரும் மரத்தின் பெயரைத் தமிழிலோ இந்தியிலோ கூறுமாறு கேட்டால், பலர் வாய் திறவார். நிலத்தின் பெயர்கள் எவ்வாறு கற்கப்பட்டன, எவ்வாறு மறக்கப்பட்டன, தில்லிவாழ் தமிழர் அவற்றை எங்கே மீண்டும் கற்கலாம் என்பவற்றை வரலாற்று நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உதிர்ந்த மலர்கள்

பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முயன்ற உ. வே. சாமிநாதையர், குறிஞ்சிப்பாட்டில் மலர்ப் பெயர்கள் வரும் பகுதி தமக்குக் கிடைத்த ஏடுகளில் குறைந்திருக்கக் கண்டு வருந்தினார். பல இடங்களிலும் தேடியபின், தருமபுர ஆதீனத்து ஏட்டில் அக்குறை நிறைவுற்றது. ‘உதிர்ந்த மலர்கள்’ என்னும் தலைப்பில் அவரே இத்தேடலை எழுதியுள்ளார். 1889ஆம் ஆண்டில் பத்துப்பாட்டு அச்சேறியபோது 99 பெயர்களும் தமிழர்க்கு மீண்டும் கிடைத்தன.

பெயர்கள் கிடைத்தன, பூக்கள் எல்லாம் கிடைத்தனவா என்பது வேறு வினா. அனிச்சம் மோந்தால் குழையும் என்பதனைத் திருக்குறள் கற்றோர் யாவரும் அறிவர். எனினும், இதுவே அனிச்சம் என்று ஒரு செடியை ஐயமின்றிக் காட்ட இயலவில்லை. மருதம் எது என்பதிலேயே அறிஞரிடையே இருவேறு கருத்துகள் உண்டு. உரையாசிரியர் நச்சினார்க்கினியர், எறுழ் முதலிய சில பெயர்களுக்கு அப்பெயரோடு ‘பூ’ என்னும் சொல்லைச் சேர்த்ததோடு அமைந்தார். அவர் காலத்திலேயே சில மலர்கள் ஏட்டில் மட்டும் வாழத் தொடங்கிவிட்டன என்று இதனால் எண்ண இடமுண்டு. ஏடு பெயரைக் காத்துத் தந்தது. அப்பெயருக்கு உரிய செடியை விரல் நீட்டிக் காட்டும் மக்கள் இல்லாத இடத்து, பெயர் வெறும் ஓசையாகிவிட்டது.

இவ்விடைவெளியை நிரப்ப முயன்றோர் உளர். பி. எல். சாமி, சங்க இலக்கியத்தில் வரும் செடி கொடிகளையும் விலங்குகளையும் பறவைகளையும் இக்கால அறிவியல் கொண்டு ஆராய்ந்து தனித்தனி நூல்கள் எழுதினார். கு. சீநிவாசன் எழுதிய ‘சங்க இலக்கியத் தாவரங்கள்’ என்னும் பெருநூலைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் வெளியிட்டது. இத்தகைய ஆராய்ச்சி நூலகத்துள் மட்டும் முடிவதன்று. பாட்டில் உள்ள அடையாளத்தையும் காட்டில் உள்ள மரத்தையும் அருகருகே வைத்து நோக்கியே இதனைச் செய்தல் கூடும்.

பழந்தமிழர் நோக்கிய முறை

தொல்காப்பிய மரபியல் இவ்வகையில் நமக்கு ஒரு கைந்நூல் எனலாம். உயிர்களை அவற்றின் அறிவு நோக்கி ஓரறிவு முதல் ஆறறிவு வரை அது வகுக்கிறது. புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அதன்படி பனையும் தெங்கும் மூங்கிலும் புல்லினம். வேம்பும் மாவும் மரவினம். ஓலை, மடல், தோடு முதலியன புல்லுக்கு உரிய உறுப்புப் பெயர்கள். இலை, தளிர், கொம்பு முதலியன மரத்துக்கு உரியவை. இன்றைய தாவரவியலும் பனை, மூங்கில், புல் ஆகியவற்றை ஒரு வித்திலைத் தாவரங்கள் என்று ஒரு பெரும்பிரிவில் சேர்ப்பது நினைக்கத்தக்கது.

மலரின் பருவத்துக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. அரும்பு, போது, மலர், வீ, செம்மல் என்பன ஒரு பூவின் வாழ்நாளையே காட்டுவன. ‘வீ’ என்றால் உதிரும் பூ என்று பிள்ளைக்குச் சொல்லிவைத்தால், அப்பிள்ளை மரத்தடியையும் ஒருமுறை நோக்கும். சொல் கண்ணைப் பழக்குகிறது. பழகிய கண் மேலும் சொல் தேடுகிறது.

கடல் கடந்து சென்ற பெயர்கள்

பதினேழாம் நூற்றாண்டில் கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு, மலையாள நாட்டுத் தாவரங்களைப் பற்றி ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்’ என்னும் நூலை உருவாக்கினார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த அந்நூலுக்கு, இட்டி அச்சுதன் என்னும் நாட்டு மருத்துவர் பெருந்துணை புரிந்தார். செடியைக் கண்டு பெயர் கூற வல்ல உள்ளூரார் இல்லையேல் அந்நூல் தோன்றியிராது. நம் புங்கமரத்தின் பெயரே ‘பொங்காமியா’ என்னும் அறிவியற் பெயராயிற்று. ஏலத்தின் பெயர் ‘எலெட்டாரியா’ என்றாயிற்று. தில்லியின் சாலையோரங்களில் புங்கமரங்கள் பல நிற்கின்றன. அதனை இங்குப் பாப்டி என்பர். அறிவியல் நூலில் மட்டும் அது தன் தென்னாட்டுப் பெயரோடு விளங்குகிறது.

தரங்கம்பாடிக்கு 1768இல் வந்த யோகான் கெர்காட் கோனிக் என்பவர், சுவீடன் நாட்டுத் தாவரவியற் பேரறிஞர் லின்னேயசின் மாணவர். சோழமண்டலக் கரையில் அவர் சேகரித்த செடிகளும், அவரோடு பழகிய ராக்ஸ்பரோ பின்னர் ஆற்றிய பணியும் இந்தியத் தாவரவியலுக்கு அடித்தளமாயின. ராக்ஸ்பரோ 1793இல் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். இவர்கள் எல்லோரும் நடந்தே கற்றவர்கள். உள்ளூராரைக் கேட்டே எழுதியவர்கள்.

ஒரு தமிழரின் ஞாயிற்றுக்கிழமைப் பாடம்

பறவையை இனங்காணும் கலையைப் பொதுமக்கள் கையில் தந்த பெருமை சாலிம் அலிக்கு உரியது. 1941இல் வெளிவந்த அவருடைய ‘இந்தியப் பறவைகள்’ என்னும் ஆங்கில நூல், ஒவ்வொரு பறவையின் அளவையும் சிட்டுக்குருவி, மைனா, புறா, காகம் போன்ற பழகிய பறவையோடு ஒப்பிட்டுக் கூறியது. அறியாததை அறிந்ததனோடு வைத்துக் காட்டும் இம்முறை எளியது, பயனுள்ளது.

இத்துறையில் புலம்பெயர்ந்த தமிழர் சிறப்பாக நினைக்க வேண்டியவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றபோது, நீலகிரி, பழனி மலையுச்சித் தாவரங்களைப் பற்றி நூல் எழுதிய பேராசிரியர் பைசனிடம் கற்றார். அவரோடு மலைகளில் நடந்து செடிகளை அறிந்தார். வகுப்பறையில் கற்றது மலைப்பாதையில் உறுதிப்பட்டது. பின்னாளில் கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் 1996இல் தாம் மறையும் வரை இயற்கை பற்றிய பத்தி ஒன்றை எழுதிவந்தார். ஏறத்தாழ 46 ஆண்டுகள்! சென்னையில் இருந்த ஒரு தமிழர் எழுதியதைப் படித்து, வங்கத்திலும் தில்லியிலும் இருந்த வாசகர்கள் தம் வீட்டு முற்றத்துப் பறவையை அடையாளம் கண்டனர். தமிழிலும் அவர் எழுதினார். அக்கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற பெயரில் நூலாயின. புலி, யானையை மட்டும் அவர் போற்றவில்லை. வீட்டருகே திரியும் சிற்றுயிர்களும் அவர் பத்தியில் இடம்பெற்றன. காட்டிற்குச் செல்ல வசதியில்லாத நகரவாசிக்கு இதனினும் நல்ல வழிகாட்டல் உண்டோ?

தில்லிக் குன்றின் வரலாறு

நகரவாசியாகிய நமக்கு நடந்து கற்கத்தக்க இடம் தில்லியிலேயே உள்ளது. ‘ரிட்ஜ்’ என்று யாவரும் வழங்கும் குன்றுத்தொடரே அது. இமயத்தினும் பன்மடங்கு மூத்ததாகிய ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி இது. தில்லியின் தெற்கே தொடங்கி, நகரின் நடுவே ஊடுருவிப் பல்கலைக்கழகத்துக்கு அருகே யமுனையை நோக்கித் தாழ்கிறது. பெரோசு ஷா துக்ளக் வேட்டையாடத் தங்கிய மாளிகையின் இடிபாடுகளும், அவன் கொண்டுவந்து நிறுத்திய அசோகர் தூணும் வடகுன்றில் உள்ளன. 1857 கிளர்ச்சியின்போது ஆங்கிலப் படை பாசறை அமைத்ததும் இக்குன்றின்மேல்தான்.

புதிய தலைநகர் எழுந்த காலத்தில், பாறையாய்க் கிடந்த குன்றைப் பசுமையாக்க ஆங்கில அரசு அயல்நாட்டு மரம் ஒன்றைப் பரப்பியது. தில்லியார் அதனை ‘விலாயத்தி கீகர்’ என்பர். இராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பத்தினர் அதனை அணுகிப் பார்த்தால் வியப்பர். ஊரில் அவர்கள் வெறுத்த சீமைக்கருவேலமே அது. ‘சீமை’ என்பதும் ‘விலாயத்தி’ என்பதும் பொருளால் ஒன்றே. வடக்கும் தெற்கும் ஒருவரை ஒருவர் கேளாமலே ஒரே மரத்துக்கு ஒரே பெயரை இட்டன. அம்மரம் குன்றின் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டு, நாட்டு மரங்களை ஒதுக்கியது. பழைய காட்டின் நிலையை அறிய விரும்புவோர், தில்லியின் எல்லையை ஒட்டிய மாங்கர் பனி என்னும் தோப்பைக் காணலாம். ஊரார் தெய்வத்துக்கு உரியதெனக் கோடாரி படாமல் காத்த தோப்பு அது. நம் கோயிற்காடுகளோடு ஒப்பிடத்தக்கது. அங்குத் தௌ மரம் இன்றும் அடர்ந்துள்ளது. அதன் உறவினமாகிய வெக்காலி நம் மலைச்சரிவுகளில் வளர்வது.

இக்குன்றில் நடந்து கற்கும் மரபும் பழையதே. தில்லிப் பறவை நோக்குவோர் சங்கம் 1950இல் தோன்றியது. காந்தியடிகளின் நண்பரான ஹோரேஸ் அலெக்சாண்டர் அதன் முன்னோடிகளுள் ஒருவர். இந்திரா காந்தியும் அதில் ஈடுபாடு கொண்டிருந்தார். மகேசுவரியின் ‘தில்லித் தாவரங்கள்’ 1963இலும், உஷா கங்கூலியின் தில்லிப் பறவைகள் பற்றிய கையேடு 1975இலும், பிரதீப் கிருஷணின் ‘தில்லி மரங்கள்’ 2006இலும் ஆங்கிலத்தில் வெளிவந்தன.

இவற்றினும் குறிப்பிடத்தக்கது 1979ஆம் ஆண்டு நிகழ்ச்சி. குன்றின் காடு அழிக்கப்படுவதைக் கண்டு வெகுண்ட பள்ளி, கல்லூரி மாணவர்கள் ஒன்றுகூடிக் குரல் எழுப்பினர். அவ்வெழுச்சியில் பிறந்ததே ‘கல்பவிருட்சம்’ என்னும் குழு. குன்றில் நடந்து, அங்கு வாழும் பறவைகளையும் மரங்களையும் அறிந்த இளைஞர்களே அதற்காக வாதாட முன்வந்தனர். பெயர் அறியாதவனுக்கு அது புதர்க்காடு. வெட்டினாலும் அவனுக்கு இழப்புத் தெரியாது. பெயர் அறிந்தவனுக்கோ இன்ன மரம், இன்ன பறவையின் கூடு என்று இழப்பைக் கணக்கிட இயலும். 1994இல் ஏறத்தாழ 7,777 ஹெக்டேர் பரப்புள்ள குன்றுப்பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. மாணவர்களின் முயற்சி அதற்கு முற்பட்ட படிகளுள் ஒன்று எனலாம்.

கபிலர் மலர்கள் தில்லியில்

கபிலர் தொகுத்த 99 மலர்களுள் சிலவற்றைக் காண நாம் ஊருக்குச் செல்ல வேண்டுவதில்லை. குன்றிலும் அதனைச் சார்ந்த சாலைகளிலும் பூங்காக்களிலும் அவை நம் அருகிலேயே நிற்கின்றன. ஆண்டின் போக்கில் அவற்றை எண்ணிப் பார்ப்போம்.

மாசி, பங்குனியில் இலையுதிர்த்து நிற்கும் இலவம், செம்மலர்களால் நிறைகிறது. இங்கு அதனைச் செமல் என்பர். மைனாவும் காகமும் தேனுக்காக அதனை மொய்க்கின்றன. வெயில் முதிர்ந்தபின் காய் வெடித்துப் பஞ்சு காற்றில் பறக்கும். ‘இலவு காத்த கிளி’ என்னும் பழமொழியைப் பாடமாகச் சொல்வதினும், பஞ்சு பறக்கும் அம்மரத்தடியில் நின்று சொன்னால் பிள்ளை மறவாது. அதே பருவத்தில் தீக்கொழுந்து போலப் பூப்பது பலாசம். நம் ஊர்களில் புரசு. சென்னைப் புரசைவாக்கம் அம்மரத்தால் பெயர் பெற்றது என்பர். வடநாட்டில் அதன் பூவை ஊறவைத்து ஹோலிப் பண்டிகைக்குச் சாயம் எடுப்பது பழைய வழக்கம். 1757இல் இந்திய வரலாற்றைத் திருப்பிய பிளாசிக் களமும் இம்மரத்தின் பெயரையே தாங்கியது.

சித்திரையில் வாகை மணக்கிறது. வென்றவர் சூடிய பூ என்று நாம் படித்தது இதுவே. வைகாசி வெயில் கொளுத்தும்போது அமல்தாஸ் என்னும் கொன்றை பொன்மாலைகளைத் தொங்கவிடுகிறது. அமிர்தா சேர்கில் சாலைக்கு அக்காலத்தில் இதனைக் காணவே மக்கள் செல்கின்றனர். சிவபெருமான் சூடும் பூ இது என்று பாட்டி சொல்லக் கேட்ட பிள்ளை, அதனை அங்கே கண்ணாற் காணலாம். அர்ஜுன் என்று இங்கு வழங்குவது நம் மருது, திருவிடைமருதூரின் தலமரம். கூவிளம் என்று கபிலர் சொன்னது வில்வம். அது தில்லிக் கோயில்களிலேயே உள்ளது.

99இல் சேராத பழந்தமிழ் மரங்களும் உள. 2022இல் கர்த்தவ்ய பாதை எனப் பெயர் மாறிய இராஜபாதையின் இருமருங்கும் நாவல் மரங்கள் நிற்கின்றன. மழை தொடங்கும் காலத்தில் கனி உதிர்ந்து தரையெல்லாம் கருநீலமாகும். ‘சுட்ட பழமா, சுடாத பழமா’ என்னும் ஔவையார் கதைக்கு இதனினும் பொருத்தமான இடம் தலைநகரில் இல்லை. பாலைநிலப் பாடல்களில் வரும் உகாய் மரத்தை இங்குப் பீலூ என்பர்; குன்றின் வறண்ட பகுதிகளில் இலந்தையும் வெள்வேலும் அதனோடு வாழ்கின்றன.

பறவைகளிலும் இத்தகைய ஒப்புமை உண்டு. ஆளைக் கண்டதும் கத்தி அறிவிப்பதால் நாம் ஆட்காட்டி என்றோம். அது எழுப்பும் ஒலியைக் கொண்டு வடநாட்டார் டிட்டஹரி என்றனர். கோடையில் விடாது கூவும் அக்காக்குயிலின் குரலில், ‘என் அன்பர் எங்கே’ என்னும் பொருளில் ‘பீ கஹான்’ என்பதை இந்தியார் கேட்டனர். ‘மழை வந்தது’ என்பதை மராத்தியர் கேட்டனர். ‘கண் போயிற்று’ என்பதை வங்கத்தார் கேட்டனர். ஒரே பறவை, ஒரே குரல். கேட்ட செவிதோறும் வேறு பொருள்! கூட்டமாகத் திரியும் பழுப்புநிறப் பறவையை இங்கு ‘சாத் பாயி’, அதாவது ஏழு சகோதரர் என்பர். நம் தவிட்டுக்குருவியை அது நினைவூட்டும். ஆனால் அலகு மஞ்சளான நம் தவிட்டுக்குருவி தென்னாட்டுக்கு உரியது. இங்குள்ளது அதன் உறவினம். ஒத்தவற்றுள் வேற்றுமை காணும் இடத்தில்தான் உண்மையான பயிற்சி தொடங்குகிறது.

குடும்பமாய்க் கற்கும் வழி

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஒரு பாதையைத் தேர்ந்து, திங்கள்தோறும் அதே பாதையில் காலையில் நடத்தல் நன்று. ஒரு நாளைக்கு ஒரு மரம், ஒரு பறவை போதும். மரமாயின் பட்டையின் நிறம், இலை அமையும் முறை, பூக்கும் திங்கள், கனியின் வடிவு ஆகியவற்றை நோக்குக. பறவையாயின் சிட்டுக்குருவியினும் பெரிதோ, மைனாவினும் சிறிதோ என்று ஒப்பிட்டு, அலகு, வால், குரல் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக. பூவைப் பறிக்க வேண்டா. உதிர்ந்த பூவே கற்கப் போதும். தோட்டக்காரரையும், ஆடு மேய்க்கும் முதியவரையும் கேட்டு அவர்கள் வழங்கும் பெயரை முதலில் எழுதுக. அதனருகே தமிழ்ப் பெயரை எழுதுக. ஊரிலிருந்து தாத்தா, பாட்டி வந்திருக்கும் நாள்களில் அவர்களையும் உடன் அழைத்துச் செல்க. புரசு இலையில் உணவு உண்ட நினைவும், வேலங்குச்சியால் பல் துலக்கிய பழக்கமும் அவர்களிடம் உண்டு. நூல்கள் தாரா அறிவு அது. அவர்களோடு மறைந்தால் மீண்டும் தேட எந்த ஆதீனத்திலும் ஏடு இராது.

பாரி இறந்தபின் பறம்பு மலையை விட்டு அவன் மகளிரோடு வழிநடந்த கபிலர், நிலத்தை இழத்தலின் துயரை அறிந்தவர். அவரே 99 மலர்களையும் வேற்றுநாட்டான் ஒருவனுக்குப் பெயர் சொல்லி அறிவித்தார். தம் மலையின் பெயர்களைத் தம்மோடு வைத்துக்கொண்டு அவர் மறையவில்லை. தில்லியில் பிறந்த நம் பிள்ளைக்குச் செமல் என்னும் பெயரோடு இலவம் என்னும் பெயரையும், அமல்தாஸ் என்னும் பெயரோடு கொன்றை என்னும் பெயரையும் மரத்தடியில் நின்று சொல்லிக்கொடுப்போமாயின், அப்பிள்ளைக்கு இரண்டு நாடுகளும் சொந்தமாகும். வரும் பங்குனியில் இலவம் பூக்கும்போது அத்தொடக்கத்தைச் செய்வோமாக.